புரோஸ்டேட் பரிசோதனை: ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் பேசி முடிக்க வேண்டியவை

போன வருஷம் ஆடி மாதம் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கம் ஒரு லேப்பில் ‘முழு உடல் பரிசோதனை’ என்று சலுகை போட்டிருந்தார்கள். சுகர், கொழுப்பு, தைராய்டு, கிட்னி என்று நீளமான பட்டியல். நான் சுகருக்காகப் போனேன். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டுக் கடையைத் திறந்தேன், சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது, கடைசிப் பக்கத்தில் ‘பிஎஸ்ஏ 6.2’ என்று தடித்த எழுத்து, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்பு. எனக்கு வயது 61. அந்த மூன்று எழுத்து புரோஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை என்பதே அப்போது தெரியாது, நான் கேட்டு எடுத்த டெஸ்ட்டும் இல்லை. பெங்களூரில் இருக்கிற மகனுக்கு அனுப்பினேன். கூகுளில் பார்த்துவிட்டு “அப்பா, ஒண்ணும் பயப்படாதீங்க” என்றான். அவன் சொன்ன விதத்தில்தான் எனக்குப் பயமே வந்தது.

இரண்டு மாதத்துக்கு மேல் ஒழுங்காகத் தூங்கவில்லை. கடைசியில் அது மூத்திரத்தில் கிருமி. ரத்தம் கொடுத்த வாரம் எரிச்சல் இருந்தது. அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதே வருஷம் என் அத்தானுக்கு, அக்கா வீட்டுக்காரருக்கு, நேர் எதிர்க் கதை. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போனவர், 68 வயது. எட்டு மாதமாக இடுப்பு வலி. மரத்துக்கு மரம் குனிந்து வெட்டின உடம்பு, வலிக்கத்தானே செய்யும் என்று நாட்டு வைத்தியம் பார்க்கிற இரண்டு ஆசான்மாரிடம் தைலம் போட்டுத் தடவினார். மூத்திரம் நின்று நின்று வருவதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு ராத்திரி அடைத்துக்கொண்டது, ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள், பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்ததில் புரோஸ்டேட் புற்றுநோய், எலும்பு வரை போயிருந்தது. எனக்குத் தேவையில்லாத நாளில் எடுத்தார்கள், அவருக்குத் தேவைப்பட்ட நாளில் எடுக்கச் சொல்ல ஆளில்லை. இந்த இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஹார்டுவேர் கடைக்காரன். ஆனால் அதற்குப் பிறகு மூன்று டாக்டர்களிடம் உட்கார்ந்து கேட்டதும் வாசித்ததும் நிறைய.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

பாடப் புத்தகத்தில் சுக்கிலச் சுரப்பி என்று இருக்கும், பேச்சில் எல்லோருக்கும் புரோஸ்டேட்தான். மூத்திரப் பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கும். வாலிபத்தில் பெரிய நெல்லிக்காய் அளவு. வயது ஏற ஏறப் பெரும்பாலான ஆண்களுக்கு அது பெருக்கும், குழாயை நெருக்கும், ராத்திரி மூன்று தடவை எழும்ப வைக்கும். அந்த வீக்கம் வேறு, புற்றுநோய் வேறு. வீக்கம் முற்றிப் புற்றுநோய் ஆகும் என்று எங்கள் சாயாக்கடையில் அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அப்படி ஆவதில்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பது மட்டும் உண்மை.

பிஎஸ்ஏ என்பது அந்தச் சுரப்பி செய்கிற ஒரு புரதம். விந்தை இளக வைப்பது அதன் வேலை. அதில் கொஞ்சம் ரத்தத்துக்குள்ளும் கசியும். வீக்கம் வந்தாலும் கசிவு கூடும், கிருமி வந்தாலும் கூடும், புற்றுநோய் வந்தாலும் கூடும். புகை வருகிறது என்று சொல்லும். எரிவது அடுப்பா வீடா என்று சொல்லாது.

படி 1: உங்களுக்குத் தொந்தரவு இருக்கிறதா, இல்லையா

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு தொந்தரவும் இல்லாதவர் ‘எதற்கும் பார்த்துவிடலாமே’ என்று எடுப்பதுதான் ஸ்கிரீனிங். இந்த வழிகாட்டியில் நான் சொல்கிற ‘யோசித்து எடுங்கள்’ எல்லாம் அவருக்குத்தான்.

மூத்திரத்தில் ரத்தம், மூத்திரம் அடைத்துக்கொள்வது, திடீரென்று உடம்பு மெலிவது, படுத்தாலும் குறையாத இடுப்பு வலி அல்லது முதுகுத்தண்டு வலி, அதுவும் ராத்திரியில் கூடுகிற வலி, கால் மரத்துப் பலம் குறைவது, இதில் ஏதாவது இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, டாக்டரிடம் போங்கள், அவர் சொல்கிற டெஸ்ட்டை எடுங்கள். கால் பலம் குறைந்தால் அன்றைக்கே போங்கள். அத்தான் இந்த வரிசையில் நின்றிருக்க வேண்டியவர். ராத்திரி அடிக்கடி எழும்புவதும் மூத்திரம் மெதுவாக வருவதும் பெரும்பாலும் வெறும் வீக்கம்தான், இருந்தாலும் அதையும் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆரம்ப நிலைப் புற்றுநோய் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. “எனக்கு எல்லாம் குழாய் மாதிரி போகுது மக்கா, எனக்கெதுக்கு டெஸ்ட்டு” என்று, சேர்ந்து நடக்கப் போகிற எங்கள் நடைக்கூட்டத்தில் ஒருவர் சொல்வார். குழாய் மாதிரி போவது நல்ல விஷயம்தான், ஆனால் அது எதற்கும் அத்தாட்சி இல்லை.

படி 2: குடும்பத்தில் விசாரியுங்கள்

இதைத்தான் நம் ஆட்கள் செய்வதே இல்லை. அப்பாவுக்கோ கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கோ இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் உங்களுக்கு வர வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால், அல்லது இளவயதிலேயே வந்திருந்தால், இன்னும் கூடும். பலருக்குத் தெரியாத ஒன்று: அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இளவயதில் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பிஆர்சிஏ2 என்று ஒரு மரபணுக் கோளாறு உண்டு, அது பெண்களுக்கு அந்த நோய்களையும் ஆண்களுக்குக் கொஞ்சம் மூர்க்கமான புரோஸ்டேட் புற்றுநோயையும் கொண்டுவரலாம்.

சரி, எப்படிக் கேட்பது? நம் வீடுகளில் பாட்டா எதனால் செத்தார் என்று கேட்டால் “வயசாச்சு, படுத்தார், போய்ச் சேர்ந்தார்” என்பார்கள். நான் சித்தப்பாவிடம் வேறு மாதிரி கேட்டேன். பாட்டாவுக்குக் கடைசியில் மூத்திரத்துக்குக் குழாய் போட்டிருந்ததா, இடுப்பு வலி என்று கிடந்தாரா, நெய்யூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ கொண்டுபோனீர்களா? நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய் வைத்தியத்தில் பழைய பேர் உண்டு. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் 1920களில் வந்து கத்தி பிடித்த இடம். எங்கள் வீட்டில் நோயின் பேர் யாருக்கும் ஞாபகம் இல்லை, எந்த ஆஸ்பத்திரி என்பது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. சித்தப்பாவும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு “குழாய் போட்டிருந்துதுல்லா” என்றார். அது வீக்கமா நோயா என்று இனி கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கதிர்வீச்சு, அதனால் நம் மாவட்டத்துக்கே புற்றுநோய் என்று பேச்சை வேறு பக்கம் இழுக்கிறவர்களும் உண்டு. அந்த வழக்கு தனி. பிஎஸ்ஏ எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வயதும் குடும்பமும்தான் முக்கியம்.

படி 3: வயதுக் கணக்கு

50க்குக் கீழே, குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றால் பொதுவாக அவசரமில்லை. அப்பாவுக்கோ சகோதரனுக்கோ இருந்தால் 45இலேயே பேச்சைத் தொடங்கலாம், பிஆர்சிஏ2 இருக்கிறது என்று தெரிந்தவர்கள் 40இல். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2012இல் ‘யாருக்கும் பிஎஸ்ஏ ஸ்கிரீனிங் வேண்டாம்’ என்றது, 2018இல் கொஞ்சம் இறங்கி வந்து ‘55 முதல் 69 வரை டாக்டரோடு பேசி அவரவரே முடிவு செய்யட்டும், 70க்கு மேல் வேண்டாம்’ என்று மாற்றிக்கொண்டது. ஆறு வருஷத்துக்குள் இப்படி மாறியதைப் பார்த்தாலே தெரியும், இது சுகர் டெஸ்ட் மாதிரி எடு என்றால் எடுக்கிற விஷயம் இல்லை. இந்தப் புரதத்தைக் கண்டவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆப்ளினே 2010இல் இதை எல்லோருக்கும் எடுப்பது தவறு என்று பத்திரிகையில் எழுதினார்.

நம் அரசாங்கத் திட்டத்தில் 30 வயதுக்கு மேல் வாய், மார்பகம், கருப்பை வாய் என்று மூன்று புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீட்டுக்கு வருகிறவர்களும் பிரஷர், சுகர் பார்ப்பார்கள், புரோஸ்டேட் அதில் இல்லை. ஆக, உங்களுக்காக யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

75 தாண்டியவர், நெஞ்சு வியாதி, கிட்னி வியாதி என்று ஏற்கெனவே இருப்பவர், இவர்களுக்கு மகன்கள் பாசத்தில் பேக்கேஜ் போட்டுக் கொடுக்க வேண்டாம். இந்த நோய் பெரும்பாலும் மெதுவாக வளர்வது. இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் நன்றாக இருப்பார் என்று எதிர்பார்க்கிற ஆளுக்குத்தான் இப்போது கண்டுபிடிப்பதில் லாபம்.

படி 4: லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு

கடைக்காரன் என்பதால் எனக்கு இது பிடித்த பகுதி.

ஐரோப்பாவில் பல நாடுகளில் 55 முதல் 69 வயது வரை உள்ள 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைச் சில வருஷத்துக்கு ஒரு முறை பிஎஸ்ஏ எடுக்கக் கூப்பிட்டு, மறு பாதியைக் கூப்பிடாமல் விட்டார்கள். 1990களில் தொடங்கியது, 23 வருஷக் கணக்கு 2025இல் வந்தது. கூப்பிடாத பாதியில் 1000 பேருக்கு 16 பேர் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள், கூப்பிட்ட பாதியில் 14 பேர். 456 பேரைக் கூப்பிட்டால் ஒரு சாவைத் தடுக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அது நம் ஊர் ஆண்களை வைத்து எடுத்த கணக்கு இல்லை, ஆனால் கையில் இருப்பதில் பெரியது அதுதான்.

இரண்டு உயிர் சின்ன விஷயம் இல்லை. அந்த இரண்டில் ஒருவர் என் அத்தானாக இருந்தால் எனக்கு அது நூற்றுக்கு நூறு. ஆனால் மறுபக்கப் பேரேட்டையும் பார்க்க வேண்டும். ஒரு உயிரைக் காப்பாற்ற, கூடுதலாக 12 பேருக்கு ‘உனக்குப் புற்றுநோய்’ என்று சொல்ல வேண்டிவந்தது. அந்த 12இல் பலர் டெஸ்ட் எடுக்காமலே இருந்திருந்தால் அந்த நோய் இருப்பதே தெரியாமல், வேறு எதனாலோ, 85 வயதில் போயிருப்பார்கள். அவர்களில் சிலருக்கு ஆபரேஷன் நடந்தது, சிலருக்குக் கதிர்வீச்சு.

ஆபரேஷனில் என்ன நஷ்டம் என்று யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, அதனால் நான் எழுதிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1643 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வில், ஆபரேஷன் செய்தவர்களில் ஆறு வருஷம் கழித்தும் 100க்கு 17 பேர் மூத்திரக் கசிவுக்காகப் பேடு வைத்துக்கொண்டிருந்தார்கள். கதிர்வீச்சு எடுத்தவர்களில் 4 பேர், கண்காணிப்பில் மட்டும் தொடங்கியவர்களில் 8 பேர். தாம்பத்தியத்துக்குப் போதுமான விறைப்பு ஆரம்பத்தில் 100க்கு 67 பேருக்கு இருந்தது, ஆபரேஷனுக்குப் பிறகு ஆறாவது மாதம் 12 பேருக்கு. இதே ஆய்வின் 15 வருஷக் கணக்கு 2023இல் வந்தபோது, ஆபரேஷனோ கதிர்வீச்சோ கண்காணிப்போ, எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் 100க்கு ஏறக்குறைய 97 பேர் இந்த நோயால் சாகவில்லை.

படி 5: வீட்டில் பேசுங்கள், பிறகு டாக்டரிடம்

அந்த 6.2 வந்த ராத்திரி நான் மறுபடியும் டெஸ்ட், ஸ்கேன், திருவனந்தபுரம் என்று அடுக்கிக்கொண்டே போனபோது மனைவி மீன் கழுவிக்கொண்டே ஒரே கேள்வி கேட்டாள்: “எடுத்து என்ன செய்யப் போறிய?” எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பின்னால் யோசித்தால் இந்த விஷயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான், அதுவும் ரத்தம் கொடுப்பதற்கு முன்னால்.

எண் கூடுதலாக வந்தால் எம்ஆர்ஐ எடுப்பேனா? அதில் சந்தேகம் என்றால் பயாப்ஸிக்கு, அதாவது ஊசியால் சதை எடுத்துப் பார்க்க, சம்மதிப்பேனா? சின்னதாக, மெதுவாக வளர்கிற புற்றுநோய் என்று தெரிந்தால் ‘இருக்கட்டும், பார்த்துக்கொண்டே இருப்போம்’ என்று என்னால் உட்கார முடியுமா, அல்லது அந்தப் பேரைக் கேட்டதும் வெட்டி எடு என்று நிற்பேனா? நான் இரண்டாவது ரகம் என்று மனைவி சொன்னாள், சரியாகத்தான் சொன்னாள். அந்த ரகத்து ஆட்கள் டெஸ்ட் எடுப்பதற்கு முன்னால் இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும்.

பேசக் கூச்சமாக இருந்தால் ஸ்கூட்டரில் போகும்போது பேசுங்கள். முகம் பார்க்காமல் பேசலாம். நான் தக்கலை போகிற வழியில்தான் அந்தத் தாம்பத்திய விஷயத்தையே பேசினேன், அவள் பின்னால் உட்கார்ந்து “ரோட்டைப் பாருங்க” என்றாள்.

அடுத்து டாக்டர். கூட்டம் நிற்கிற ஓபியில் அவருக்கு ஐந்து நிமிஷம்தான் இருக்கும் என்பதால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். என் வயதுக்கும் குடும்பத்துக்கும் இந்த டெஸ்ட்டால் எனக்கு என்ன லாபம் என்று கேளுங்கள். எண் கூடினால் அடுத்து என்ன செய்வீர்கள், நேரே பயாப்ஸியா, எம்ஆர்ஐ பார்த்துவிட்டா என்று கேளுங்கள். நான் சாப்பிடுகிற மாத்திரைகளால் எண் மாறுமா, சரியாக இருந்தால் மறுபடி எப்போது எடுக்க வேண்டும், எடுக்காமல் விட்டால் என்ன, இதையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு எரிச்சல்படுகிற டாக்டரைவிட்டு வேறு டாக்டரிடம் போகலாம் என்பது என் கட்சி.

விரல் விட்டுப் பார்க்கிற சோதனை பற்றி ஒரு வார்த்தை. ஆசனவாய் வழியாக உறை போட்ட விரலால் புரோஸ்டேட்டைத் தொட்டு, கல் மாதிரிக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அரை நிமிஷம்கூட ஆகாது. ஸ்கிரீனிங்குக்கு இப்போது அது கட்டாயம் இல்லை, ஆனால் தொந்தரவு இருப்பவருக்கு டாக்டர் பார்க்க வேண்டும் என்றால் மறுக்காதீர்கள். நடைக்கூட்டத்தில் இதை வைத்துச் சிரிக்காத நாளில்லை. சிரித்தவர்களில் இரண்டு பேர் அந்தச் சோதனைக்குப் பயந்தே டாக்டரிடம் போகாமல் இருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

படி 6: எடுப்பது என்று முடிவானால், நாள் பார்த்து எடுங்கள்

வெறும் வயிறு தேவையில்லை. மூத்திரக் கிருமி வந்திருந்தால், அல்லது குழாய் போட்டு எடுத்திருந்தால், ஆறு வாரமாவது போகட்டும். முந்தின இரண்டு நாள் விந்து வெளியேறக் கூடாது, நீண்ட தூரம் சைக்கிள் மிதிக்கவும் வேண்டாம். என் கதை முழுக்க இந்த ஒரு பத்தியில் இருக்கிறது: எரிச்சலோடு போய் ரத்தம் கொடுத்தேன்.

மாத்திரை விஷயம் இன்னும் முக்கியம். புரோஸ்டேட் வீக்கத்துக்கு டுடாஸ்டெரைடு அல்லது ஃபினாஸ்டெரைடு சாப்பிடுகிறவர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருஷத்தில் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் உண்மையில் அது 6 என்று கணக்கு. நம்மில் நிறையப் பேர் சாப்பிடுகிற மாத்திரை டாம்சுலோசினும் டுடாஸ்டெரைடும் சேர்ந்தது, அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்கள். டாம்சுலோசின் மட்டும் என்றால் கவலையில்லை. முடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டெரைடு சாப்பிடுகிறவர்களும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அதுவும் எண்ணைக் குறைக்கும்.

லேப்பை மாற்றாதீர்கள். ஒவ்வொரு லேப்பின் மெஷினுக்கும் சின்ன வித்தியாசம் உண்டு, இந்த வருஷம் நாகர்கோவிலில் எடுத்து அடுத்த வருஷம் மார்த்தாண்டத்தில் எடுத்து இரண்டையும் ஒப்பிடுவது வேறு வேறு தராசில் நிறுத்த மாதிரி.

படி 7: எண்ணைப் படிப்பது

மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமுக்குக் கீழே ‘சரி’ என்று பெரும்பாலான ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும். அது எல்லா வயதுக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்த மாதிரி. வயதோடு சுரப்பி பெருக்கும், எண்ணும் கூடும், நாற்பதுகளில் 2.5, ஐம்பதுகளில் 3.5, அறுபதுகளில் 4.5, எழுபதுகளில் 6.5 என்று வயதுவாரியாகப் பார்க்கிற வழக்கமும் உண்டு. எண் கூடிய நான்கு பேரில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருக்காது. 4க்குக் கீழே இருந்தும் சிலருக்கு இருக்கும். ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 4ஐத் தாண்டாதவர்களுக்கும் பயாப்ஸி செய்து பார்த்ததில் 100க்கு 15 பேருக்கு இருந்தது, அதில் பெரும்பாலானவை மெதுவான ரகம். சுரப்பி பெரியதாக இருந்தால் எண் பெரியதாக இருப்பதில் ஆச்சரியமில்லை, அதனால் ஸ்கேனில் வருகிற சுரப்பி அளவால் பிஎஸ்ஏயை வகுத்துப் பார்ப்பார்கள். 0.15க்கு மேல் போனால் சந்தேகம் கூடும். என் சுரப்பி 48 கிராம், இரண்டாவது தடவை பிஎஸ்ஏ 2.9. வகுத்தால் 0.06. அந்தக் கணக்கைக் கடை ரசீதின் பின்பக்கம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்குத் தூங்கினேன்.

படி 8: கூடுதலாக வந்தால்

முதல் வேலை, அதே லேப்பில் சில வாரம் கழித்து மறுபடி எடுப்பது. ஒரே ஒரு எண்ணை வைத்து யாரையும் பயாப்ஸி மேசையில் ஏற்றக் கூடாது. காய்ச்சல், எரிச்சல் ஒன்றும் இல்லாதவருக்கு எண்ணை இறக்குவதற்காகவே ஆன்டிபயாடிக் கொடுக்கிற பழைய வழக்கம் இப்போது சரியில்லை என்றே சொல்கிறார்கள். எனக்குக் கொடுத்தது மூத்திரக் கல்ச்சர் என்கிற கிருமிச் சோதனையில் கிருமி வளர்ந்த பிறகு.

மறுபடியும் கூடுதல் என்றால் எம்ஆர்ஐ. இது இப்போது பயாப்ஸிக்கு முன்னால் வர வேண்டியது. 2018இல் வந்த 500 பேர் ஆய்வில், முதலில் எம்ஆர்ஐ எடுத்தவர்களில் 100க்கு 28 பேருக்குப் பயாப்ஸியே தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்களிலும் கவனிக்க வேண்டிய புற்றுநோய் கூடுதலாகவும் கவனிக்கத் தேவையில்லாதது குறைவாகவும் அகப்பட்டது. ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஒரு எண் இருக்கும். 1, 2 என்றால் பெரும்பாலும் நிம்மதி, 4, 5 என்றால் பயாப்ஸி, 3 என்றால் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

பயாப்ஸி என்றால் ஊசியால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் துளிச் சதை எடுப்பது. ஆசனவாய் வழியாகவும் எடுக்கலாம், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோல் வழியாகவும் எடுக்கலாம். இரண்டாவதில் கிருமித் தொற்று குறைவு. ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமிகள் நிறைய உள்ள நம் நாட்டில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பிறகு சில நாள் மூத்திரத்தில் ரத்தம் வரும், விந்தில் சில வாரம் பழுப்பாக வரும், பயப்பட வேண்டாம். குளிர்காய்ச்சல் வந்தால் மட்டும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

‘ஊசி குத்தினால் கட்டி உடைந்து பரவிவிடும்’ என்ற பேச்சை எத்தனை தடவை கேட்டாயிற்று. இந்தப் பயாப்ஸியில் அதற்குப் பயப்படத் தேவையில்லை.

புற்றுநோய் என்றே வந்துவிட்டால், அது எவ்வளவு மூர்க்கம் என்று காட்டுகிற க்ளீசன் மதிப்பெண் என்ன என்று கேளுங்கள். 6 என்றால் அது இருப்பதிலேயே சாது ரகம், பெரும்பாலும் உடனே எதுவும் செய்யாமல் பிஎஸ்ஏ, எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் மறு பயாப்ஸி என்று கண்காணித்தால் போதும். 7 என்பது நடு. 8 அல்லது அதற்கு மேல் என்றால் வைத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது. எதுவானாலும் அறுவை டாக்டர் ஒருவர், கதிர்வீச்சு டாக்டர் ஒருவர், இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு வாரத்தில் எதுவும் கெட்டுப்போகாது.

எங்கே போவது

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தொடங்கலாம். புற்றுநோய் என்று உறுதியானவர்களில் நம் மாவட்டத்து ஆட்கள் பலர் நெய்யூருக்கும், திருவனந்தபுரத்தில் ஆர்சிசி என்று நாம் சொல்கிற மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் போகிறார்கள். திருவனந்தபுரம் நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான், காலை ரயிலில் போய் ராத்திரி திரும்பலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த வைத்தியத்துக்கு எவ்வளவு என்று ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று இருக்கிற கவுண்டரில் முன்கூட்டியே கேளுங்கள். திருவனந்தபுரம் போவதாக இருந்தால் அந்த அட்டை அங்கே செல்லுமா என்பதைக் கிளம்புவதற்கு முன்னால் விசாரித்துவிடுங்கள். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். போனில் விரலால் பெரிதாக்கி ஒரு டாக்டர் படிக்கிற மாதிரி ஆகிவிடும்.

எடுப்பதில்லை என்று முடிவு செய்தால்

அதுவும் ஒரு முடிவுதான், யாரும் கோழை என்று சொல்ல உரிமை இல்லை. எங்கள் நடைக்கூட்டத்தில் ஆறு பேர். நடந்ததையெல்லாம் நான் சொன்ன பிறகு ஒருவர், அப்பாவுக்கு இருந்த காரணத்தால், போய்ப் பேசி எடுத்தார், 1.8, இரண்டு வருஷம் கழித்து வரச் சொன்னார்கள். இன்னொருவர் ரிட்டையர்டு வாத்தியார், 72 வயது, டாக்டரிடம் போய் எல்லாக் கேள்வியும் கேட்டுவிட்டு “எனக்கு வேண்டாம் சார்” என்று எழுந்து வந்தார். மற்ற இரண்டு பேர் இன்னும் யோசிக்கிறார்கள். குழாய் மாதிரி போகிறவர் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அத்தானுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, தினம் மாத்திரை. வலி நன்றாகக் குறைந்திருக்கிறது, ரப்பருக்குப் போவதில்லை, வீட்டு வாழைக்குத் தண்ணீர் விடுகிறார். அவருடைய இரண்டு மகன்களில் மூத்தவனுக்கு 44. அவனை டாக்டரிடம் போய்ப் பேசச் சொல்ல வேண்டும் என்று அக்கா நாலு தடவை போன் செய்தாள், தீபாவளிக்கு அவன் ஊருக்கு வரும்போது பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன், ஸ்கூட்டரில் வைத்து.